புதிய பைக்கில் பழுது வந்தால் சர்வீஸ் சென்டரில் என்ன செய்ய வேண்டும்?

நான் வாங்கிய பைக் 300 கிலோமீட்டர்கூட ஓடாத நிலையில் நடுவழியில் தானாக ஆஃப் ஆகத் தொடங்கியது. ஷோரூமில் சொன்னபோது, "புது வண்டி அப்படித்தான் சார் இருக்கும், ஓட ஓட செட் ஆயிடும்" என்றார்கள். இரண்டு முறை சர்வீஸுக்கு விட்டேன். இரண்டு முறையும் வண்டி பளபளவெனக் கழுவப்பட்டு, பழுதோடு திரும்பி வந்தது. பிறகு பழைய ஜாப் கார்டுகளை (வண்டியை விடும்போது நம் புகார்களை எழுதிக் கையெழுத்து வாங்கும் தாள்) எடுத்துப் பார்த்தால், இரண்டிலும் "ஜெனரல் செக்கப்" என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது. நான் வாயால் சொன்ன புகார் காகிதத்தில் ஏறவே இல்லை. முதன்முறையாக வண்டி வாங்கியவர்கள் அந்தத் தவறைச் செய்யாமலிருக்கவே இந்தச் செய்முறையை எழுதுகிறேன்.

முதல் படி: பழுதா, இயல்பா என்று பிரித்தறிதல்

வண்டியை நிறுத்திய பிறகு சைலன்சர் பக்கமிருந்து "டிக் டிக்" என்று ஒலி வருவது சூடான உலோகம் ஆறிச் சுருங்குவதால்தான். புதிய சைலன்சரில் முதல் சில நாள்கள் லேசான புகையோ வாடையோ வருவதும், கியர் சற்று இறுக்கமாக விழுவதும் இயல்பானவையே. சாவியைத் திருப்பியதும் எரியும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு, வண்டி சிறிது வேகம் எடுத்த பிறகே அணையும். அதைக் கண்டும் பதற வேண்டியதில்லை. ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு அணையாமல் எரிந்தாலோ, ஆயில் கசிந்தாலோ, கைப்பிடியைத் தளர்த்திப் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ அது பழுதுதான். பிரேக் பிடிக்கவில்லை, பெட்ரோல் கசிகிறது என்றால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல், ஷோரூமுக்குத் தொலைபேசியில் சொல்லி வண்டியை ஏற்றிச் செல்லச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: எழுதி வைத்தல்

மெக்கானிக்கின் முன் நிற்கும்போது பழுது ஒளிந்துகொள்வது எல்லோருக்கும் நேர்கிற அனுபவம். ஆகவே ஒவ்வொரு முறை பழுது வரும்போதும் அன்றைய கிலோமீட்டர், இன்ஜின் சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா, எந்த கியர், ஏறக்குறைய என்ன வேகம், மழையில் நனைந்ததா என்பவற்றைக் கைபேசியிலேயே குறித்து வையுங்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, மீட்டர் தெரியும்படி ஒரு காணொளியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் இப்படிக் குறித்த பிறகுதான், என் வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டுமே ஆஃப் ஆகிறது என்பதும், நியூட்ரலில் நிற்கும்போது ஒருமுறைகூட ஆஃப் ஆனதில்லை என்பதும் எனக்கே புலப்பட்டன.

மூன்றாம் படி: வாரண்டி புத்தகத்தைப் படித்தல்

பெரும்பாலான வண்டிகளுக்கு முதல் சர்வீஸ் 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் வரும். அதற்கு நாள் கணக்கும் உண்டு. இவ்விரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவே கெடு என்பதால், வண்டி வீட்டிலேயே நின்றாலும் நாள் ஓடிக்கொண்டிருக்கும். பிரேக் ஷூ, பிரேக் பேட், கிளட்ச் பிளேட் போன்ற தேயும் பாகங்களுக்குப் பொதுவாக வாரண்டி கிடையாது; டயருக்கும் பேட்டரிக்கும் பெரும்பாலும் அவற்றைத் தயாரித்த நிறுவனங்களின் தனி வாரண்டி இருக்கும். வெளிக்கடையில் ஒயரை வெட்டி ஃபாக் விளக்கோ கூடுதல் ஹாரனோ பொருத்தியிருந்தால், மின்சாரப் பழுது எதற்கும் அதையே காரணம் காட்டி வாரண்டியை மறுக்க இடம் கொடுத்தவர்களாவோம். ஆசை தீர விளக்குப் பூட்டுவதை வாரண்டி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: ஜாப் கார்டு

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இதுதான். முடிந்தால் சனி, ஞாயிறு கூட்டத்தைத் தவிர்த்து வாரநாள் காலையில் செல்லுங்கள். சர்வீஸ் அட்வைசரிடம் நோயைச் சொல்ல வேண்டுமே தவிர, மருந்தைச் சொல்லக் கூடாது. "இன்ஜெக்டர் போய்விட்டது" என்று நீங்கள் சொன்னால், இன்ஜெக்டரைச் சோதித்து, "நன்றாக இருக்கிறது" என்று எழுதி வண்டியைத் திருப்பித் தந்துவிடுவார்கள். மாறாக, "இரண்டாவது கியரில் வேகத்தடையில் இறங்கும்போது இன்ஜின் ஆஃப் ஆகிறது, ஒரு வாரத்தில் ஐந்து முறை" என்று சொல்லி, அதை அப்படியே எழுதும்படி கேளுங்கள். ஒவ்வொரு புகாரும் தனி வரியில் இருக்கட்டும். படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட்டு, நகலோ படமோ எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் அவ்வளவு எழுத இடமில்லை என்று சொன்னால், அச்சிட்ட தாளில் பேனாவால் எழுதித் தரச் சொல்வதில் தவறேதும் இல்லை. மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வர முடிந்தால் இன்னும் நல்லது.

இலவச சர்வீஸ் என்றால் கூலி மட்டுமே இலவசம். இன்ஜின் ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும். மதிப்பீட்டுத் தொகையை முதலிலேயே கேட்டுவிடுங்கள். டெஃப்லான் கோட்டிங், ஆயிலில் கலக்கும் திரவம் போன்றவற்றைக் கேட்காமலேயே சேர்க்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வேண்டாமென்றால் தயங்காமல் சொல்லி, அதையும் ஜாப் கார்டில் குறிக்கச் செய்யுங்கள்.

ஐந்தாம் படி: வண்டியைத் திரும்பப் பெறுதல்

பில் கட்டுமுன் ஆயில் அளவு, செயினின் தளர்வு, பிரேக்கின் பிடிப்பு ஆகியவற்றைப் பார்த்துவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். இன்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, சமதரையில் வண்டியை நேராக நிறுத்திப் பார்த்தால்தான் ஆயில் அளவு சரியாகத் தெரியும். ஒவ்வொரு புகாருக்கும் எதிரே என்ன செய்யப்பட்டது என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரையும் விழுந்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: அதே பழுது மீண்டும் வந்தால்

முதலில் ஒர்க்‌ஷாப் மேலாளரைப் பார்த்து, நிறுவனத்தின் சர்வீஸ் இன்ஜினியர் வண்டியை நேரில் பார்க்க வேண்டுமென்று கேளுங்கள். அன்றே சேசிஸ் எண்ணையும் எல்லா ஜாப் கார்டு எண்களையும் குறிப்பிட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்த மாடல் வண்டிகள் ஏதாவது குறையைச் சரிசெய்ய நிறுவனத்தால் திரும்ப அழைக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் அதிலேயே கேட்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. கடைசியாக, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. பழுதை நீக்கவோ, வண்டியை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

என் வண்டி அவ்வளவு தூரம் போகவில்லை. மூன்றாவது ஜாப் கார்டில் அந்த வேகத்தடை வரியைப் படித்த மெக்கானிக், நேராக சைடு ஸ்டாண்டுக்கு அருகில் குனிந்தார். கியரில் இருக்கும்போது ஸ்டாண்டு இறங்கினால் இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச் அங்கே இருக்கிறது. அதன் கனெக்டர் தளர்ந்திருந்ததால், ஒவ்வொரு குலுக்கலிலும் ஸ்டாண்டு இறங்கிவிட்டதாக வண்டி நினைத்துக்கொண்டிருக்கிறது. கனெக்டரை அழுத்திப் பொருத்த அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.