சருகைக் கொளுத்தாதீங்க: மாம்பழ சீசனுக்கு ஒரு உரக் கூண்டு

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் மாசி, பங்குனியில் புங்கனும் வேம்பும் சருகைக் கொட்டும். கூட்டிக் குவித்துத் தீ வைத்துவிடுகிறோம். அடுத்து மாம்பழ சீசன் வந்தால் தோலும் அழுகல் பழமும் வாளி வாளியாகச் சேரும், கலக்கச் சருகு இருக்காது. வீட்டில் போடும் உரம் நாறுவது பெரும்பாலும் இதனால்தான். சருகைச் சாக்கில் கட்டி நனையாத இடத்தில் அடுக்கி வையுங்கள். பத்துச் சாக்கு சேர்ந்தால் கவலையில்லை.

ஈரக் குப்பை பாலித்தீன் பையோடு குப்பைமேட்டுக்குப் போனால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவைக் கிளப்பும். நூறாண்டுக்குக் கணக்கிட்டால் அது கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. காற்றுப்பட மக்கினால் மீத்தேன் மிகக் குறைவு. சருகுப் புகையும் இருக்காது.

1. கூண்டு
10 அடி நீளம், 3 அடி உயரக் கம்பி வலையை வட்டமாக வளைத்துக் கட்டுக்கம்பியால் முடிந்தால் மூன்றடிக்குச் சற்று மேல் அகலம் வரும். இதைவிடச் சிறிதாக இருந்தால் உள்ளே சூடு நிற்காது. மர நிழலில், வெறும் மண்மேல் வையுங்கள்.

2. அடுக்கு
அடியில் அரையடிக்குத் துவரை மிளார் (காய்ந்த குச்சி). காற்று போக அதுதான் வழி. மேலே ஒரு வாளி ஈரக் குப்பைக்கு இரண்டு மூன்று வாளி சருகு, கூடவே ஒரு சொம்பு சாணிக் கரைசல். கடைசி அடுக்கு எப்போதும் சருகுதான், ஈ அண்டாது. மாவிலை கெட்டி, நொறுக்கித்தான் போட வேண்டும். மாங்கொட்டை ஒரு சுற்றில் மக்காது, சலிக்கும்போது எடுத்து அடுத்த குவியலில் போடலாம். எண்ணெய்க் குழம்பு, கறி, எலும்பு வேண்டாம். நாயும் பெருச்சாளியும் கூண்டைக் கிளறிவிடும். விலை விழுந்து பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளியைச் சாலையோரம் கொட்டும் நாளில் அள்ளி வருபவர்கள், அது பெரும்பாலும் தண்ணீர் என்பதை நினைத்துச் சருகை இரட்டிப்பாக்குங்கள்.

3. ஈரம்
நம் ஊர் வெயிலுக்கு இங்கேதான் பலரும் தோற்கிறார்கள். நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். புட்டு மாவு மாதிரி பிடித்தால் கூடி, உதிர்த்தால் உதிர வேண்டும். தண்ணீர் சொட்டினால் அதிகம். உள்ளே வெள்ளைப் பூசணம் பூத்து, பொடியாக உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. மேலே தெளித்தால் ஓரமாக வழிந்துவிடும், கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். கூண்டு மேல் நனைத்த சாக்கு போடுங்கள்.

4. சூடு, கிளறல்
கூண்டை ஒரே மூச்சில் நிரப்பினால் மூன்று நான்கு நாளில் சூடேறும். கடப்பாரையை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். நுனியைப் பிடிக்க முடியாத சூடு என்றால் சரி. 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால் தக்காளி விதையும் களை விதையும் சாகும். ஓரத்தில் அந்தச் சூடு வராது, எனவே பத்து நாளுக்கு ஒருமுறை வெளிப்பக்கத்தை உள்ளே தள்ளிக் கிளறுங்கள். பார்த்தீனியம் போடுவதானால் பூக்கும் முன் பிடுங்கியது மட்டும்.

அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் ஈரம் கூடி, காற்று குறைந்திருக்கிறது: கிளறிச் சருகு சேருங்கள். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி என்றால் சாணமோ பச்சையோ அதிகம், அதற்கும் சருகுதான். கொழுத்த பழுப்புப் புழுக்களைக் கண்டு மருந்து அடிக்காதீர்கள், அவையும் மக்க வைக்கின்றன.

5. பதம்
இரண்டரை மூன்று மாதத்தில் குவியல் பாதிக்கும் கீழே இறங்கி, கருத்து, மழை பெய்த மண்வாசனை வரும். சந்தேகமாக இருந்தால் ஈரமான ஒரு பிடியைப் பையில் கட்டி மூன்று நாள் வைத்து முகருங்கள். நாறினால் இன்னும் இரண்டு வாரம் விடுங்கள். அரைகுறையாகப் போட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொண்டு செடி மஞ்சளிக்கும். தொட்டிக்கு மூன்று பங்கு செம்மண்ணோடு ஒரு பங்கு. மாமரத்துக்கு அடிமரத்தை ஒட்டிக் கொட்டாமல், கிளை நிழல் விழும் விளிம்பில் வட்டமாக, மழைக்கு முன் போட்டு மண் அணையுங்கள்.