டொராண்டோவில் ஒரு குளிர்காலம்: பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் பெற்றோருக்கு

மகளுக்குத் தை மாதம் பிரசவம் என்றதும் ஐப்பசிக் கடைசியில் திருச்சியிலிருந்து கிளம்பி டொராண்டோ போனேன். சித்திரை பிறந்த பிறகுதான் திரும்பினேன். ஐந்து மாதத்துக்கு மேல், ஸ்கார்பரோ பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில். இப்போது எங்கள் தெருவில் யாராவது பிள்ளை வீட்டுக்குக் கிளம்பினால் என்னிடம் வந்து "குளிரைத் தாங்க முடியுமா" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தாங்கலாம். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், வெளியே போக அதற்கான உடுப்பு இருக்கிறது. எனக்குக் கஷ்டமாக இருந்தது, காலையில் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன பிறகு அவர்கள் திரும்பி வரும் வரை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த முதல் பத்து நாள்தான். அதனால் நான் யாருக்குச் சொன்னாலும் இதைத்தான் சொல்வேன்: போய் இரண்டு வாரத்துக்குள், யார் துணையும் இல்லாமல் தனியாக வெளியே போய்த் திரும்பி வரப் பழகிவிடுங்கள். குழந்தை பிறந்துவிட்டால் பழக நேரமே கிடைக்காது.

கிளம்பும் முன் இரண்டு விஷயத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். ஒன்று இன்சூரன்ஸ். அந்த ஊர் அரசாங்க மருத்துவக் காப்பீடு நம்மைப் போல் வந்து போகிறவர்களுக்குக் கிடையாது. பெற்றோர், தாத்தா பாட்டிகளுக்கென்று இருக்கும் சூப்பர் விசாவில் போகிறீர்கள் என்றால் குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு ஒரு வருடப் பாலிசி கட்டாயம். சாதாரண விசிட்டர் விசாவுக்குக் கட்டாயம் இல்லாவிட்டாலும் எடுக்காமல் போகவே போகாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். பல பாலிசிகளில், ஏற்கெனவே உள்ள நோய் இத்தனை மாதமாக மாற்றம் இல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். ஊருக்குப் போகிறோமே என்று கடைசி மாதத்தில் டாக்டரிடம் போய் மாத்திரை அளவை மாற்றிக்கொண்டால் அதுவே பிறகு சிக்கலாகலாம், ஆகவே அந்தப் பக்கத்தை மகனையோ மகளையோ வரிக்கு வரி படித்துச் சொல்லச் சொல்லுங்கள். இன்னொன்று மருந்து. சொந்த உபயோகத்துக்கு 90 நாளைக்கு மேல் கொண்டுபோக அனுமதி இல்லை. அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். அதற்கு மேல் தங்குகிறவர்கள் அங்கே ஒரு டாக்டரைக் காசு கொடுத்துப் பார்த்துச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கெட்டும் பூட்ஸும் இங்கே வாங்காதீர்கள். நம் கடைகளில் குளிர் ஜாக்கெட் என்று விற்பது ஊட்டிக்குச் சரி. நான் போட்டுக்கொண்டது அதற்கு முந்தின வருடம் வந்துபோன சம்பந்தியம்மா விட்டுச்சென்ற ஜாக்கெட். முழங்கால் வரை இறங்கும், தொப்பி அதிலேயே தைத்திருக்கும். அப்படி யாருடையதாவது கிடைத்தால் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேல்யூ வில்லேஜ் மாதிரிப் பழைய உடுப்புக் கடைகளில் நல்லதாகவே கிடைக்கும். உள்ளே உடம்பை ஒட்டி தெர்மல் என்கிற குளிர் உள்ளாடை, அதன் மேல் ஒரு கம்பளி ஸ்வெட்டர், அதன் மேல் ஜாக்கெட். மூன்று அடுக்கு. ஒரே கனத்த உடுப்பை விட இதுதான் சூடு காக்கும், பஸ்ஸுக்குள்ளோ கடைக்குள்ளோ போனதும் ஒவ்வொன்றாகக் கழற்றவும் முடியும். பருத்தி பனியனை அடியில் போடாதீர்கள், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு சில்லென்று ஆக்கிவிடும். ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையை விட, நாலு விரல் ஒன்றாகப் போகிற மிட்டன் கையைச் சூடாக வைக்கும். பூட்ஸ் அரை அளவு பெரிதாக வாங்குங்கள், தடித்த சாக்ஸ் போட வேண்டும், கால் இறுகினால் இன்னும் குளிரும்.

புடவைதான் கட்டுவேன் என்பவர்களுக்கு ஒன்று. நடைபாதையில் பனி உருகுவதற்காக உப்புக் கொட்டி வைத்திருப்பார்கள், புடவைக் கரை அதில் நனைந்து காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். வெளியே போகச் சுடிதார், கோயிலுக்கு மட்டும் புடவை, அதுவும் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டி, உள்ளே தெர்மல் பேன்ட். நாற்பது வருடப் பழக்கத்தை மாற்றுவது சுலபம் இல்லைதான், ஆனால் வீட்டிலேயே அடைந்து கிடப்பதற்கு இது மேல்.

தினமும் காலையில் போனில் வெப்பநிலையைப் பார்க்கும்போது அதற்குக் கீழே "ஃபீல்ஸ் லைக்" என்று இன்னொரு எண் இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். மைனஸ் 5, மைனஸ் 6 எல்லாம் ஜனவரியில் சாதாரணம். காற்றில்லாமல் வெயில் அடித்தால் அந்தக் குளிரில் அரைமணி நடப்பது சுகமாகவே இருக்கும். காற்றோடு சேர்ந்து மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைய ஆரம்பிக்கும். அந்த மாதிரி நாள் ஒரு குளிர்காலத்தில் கொஞ்சம்தான் வரும். அன்றைக்கு வீட்டில் இருங்கள்.

குளிரை விட வயதானவர்களுக்கு ஆபத்து வழுக்கல். பனி புதிதாக விழுந்திருந்தால் பயமில்லை, மணல் மாதிரிக் காலைப் பிடிக்கும். முந்தின நாள் மழை பெய்து ராத்திரி உறைந்திருந்தால்தான் மோசம், கண்ணாடி மாதிரி ஒரு படலம், பார்த்தால் தரை சும்மா ஈரமாக இருப்பது போல்தான் தெரியும். டிசம்பரில் ஒரு காலை அப்படித்தான் பஸ் நிறுத்தத்தை நோக்கி வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே நின்ற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் கையை உயர்த்தி, "அம்மா, நில்லுங்கோ, அது ஐஸ். புல்லுப் பக்கம் காலை வைச்சு வாங்கோ" என்று கத்தினார். நடைபாதைக்குப் பக்கத்தில் புல்தரை மேல் பனி மொறுமொறுவென்று கிடக்கும், அதில் கால் வைத்தால் வழுக்காது. அன்று முதல் அதையே செய்தேன். சின்ன அடியாக, பாதம் முழுவதும் தரையில் பதிய, கையை ஜாக்கெட் பைக்குள் விடாமல் வெளியே வைத்து நடக்க வேண்டும். பூட்ஸுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் முள் பட்டை ஒன்று விற்கிறார்கள், வாங்கி வையுங்கள். ஆனால் கடைக்குள் டைல்ஸ் தரையில் அதோடு நடக்கக் கூடாது, அது இன்னும் வழுக்கும்.

சாவி விஷயத்துக்கு வருகிறேன். முதல் பனி விழுந்த அன்று, அதைத் தொட்டுப் பார்க்கும் ஆசையில் சால்வையும் வீட்டுச் செருப்புமாகக் கீழே இறங்கி வாசலுக்குப் போய்விட்டேன். பின்னால் கதவு தானாகவே பூட்டிக்கொண்டது. போன் மேலே, சாவி மேலே. இரண்டு கண்ணாடிக் கதவுக்கு நடுவில் இருக்கும் சின்ன இடத்தில் கால் விறைக்க நின்றேன், கால் மணி நேரம் கழித்து ஒரு பெரியவர் நாயோடு வந்து திறந்தார். அன்று சாயங்காலமே மாப்பிள்ளை எனக்கென்று ஒரு சாவியும், வாசல் கதவில் காட்டித் திறக்கும் வில்லையும் எடுத்துக்கொடுத்தார். போன முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள், ஜாக்கெட்டின் உள் பையில் ஊசி குத்தி மாட்டி வையுங்கள். கூடவே ஒரு அட்டையில் வீட்டு முகவரியும் மகள் எண்ணும், அவசரத்துக்கு 911. அங்கே இங்கிலீஷ் வராவிட்டால் "டமில்" என்று சொன்னால் மொழிபெயர்க்க ஆள் சேர்த்துப் பேசுவார்கள்.

அடுத்தது பஸ். டிக்கெட்டுக்குப் பதில் தட்டிவிட்டு ஏறும் பிரெஸ்டோ கார்டு ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள். 65 வயது ஆனவர்களுக்குக் கட்டணம் குறைவு, வயதுச் சான்று காட்டிக் கார்டில் பதிந்துகொள்ள வேண்டும். ஏறும்போது ஒருமுறை தட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு டிடிசி என்கிற நகரப் போக்குவரத்தின் பஸ், சப்வே ரயில் எதில் மாறி ஏறினாலும் மறுபடி காசு எடுக்காது. ஆக, கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பினால் ஒரே டிக்கெட். முதல் இரண்டு முறை மகளோடு போங்கள், மூன்றாவது முறை அவளைப் பின் சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு நீங்களே இறங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். நான்காவது முறை தனியாக.

எங்கே போவது? முதலில் ஸ்கார்பரோ டவுன் சென்டர் மால். காலையில் கூட்டம் இருக்காது, வழுக்காது, சுற்றிச் சுற்றி நடக்கலாம், நம்மைப் போல நடக்க வந்தவர்கள் அங்கே நிறையப் பேர். இரண்டாவது நூலகம். டொராண்டோ பொது நூலகத்துக்கு நூறு கிளை, ஸ்கார்பரோ பக்கத்துக் கிளைகள் சிலவற்றில் தமிழ்ப் புத்தகங்களுக்கென்று தனி அலமாரிகள் உண்டு. உள்ளே உட்கார்ந்து படிக்க யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், வீட்டுக்கு எடுத்துப் போக மகளின் கார்டு போதும். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை என் நேரம் அங்கேதான் போயிற்று, பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். மூன்றாவது கோயில்: பர்ச்மவுண்ட் சாலையில் கந்தசாமி கோயில், கொஞ்சம் தள்ளி ரிச்மண்ட் ஹில்லில் பிள்ளையார் கோயில். செருப்பு கழற்றும் இடத்தில் தரை ஈரமாக இருக்கும், பையில் இன்னொரு ஜோடி சாக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்க் கடைகளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். பெரும்பாலும் ஈழத்துக்காரர்கள் நடத்துவது. பலகையில் டொராண்டோவை ரொறன்ரோ என்று எழுதியிருக்கும். காய்கறி அங்கே மரக்கறி, துருவிய தேங்காய் தேங்காய்ப்பூ, சர்க்கரை சீனி. முருங்கைக்காயிலிருந்து கருவேப்பிலை வரை எல்லாம் கிடைக்கும், அதனால் பெட்டியில் புளியும் பருப்பும் அடைக்காதீர்கள், அந்த இடத்தில் பத்திய மருந்தும் சாமானும் வையுங்கள். இரண்டாவது தடவை போனபோதே கடைக்கார அம்மா "மகளுக்கு எப்ப?" என்று கேட்டார். ஊரில் நம் தெருக் கடையில் கேட்பது மாதிரி. ஜனவரியை 2014-இல் ஒன்டாரியோ சட்டமன்றமும் 2016-இல் கனடா நாடாளுமன்றமும் தமிழ் மரபுத் திங்களாக அறிவித்தன, பொங்கலை ஒட்டி நிறைய நிகழ்ச்சிகள் நடக்கும், விவரம் இந்தக் கடைகளிலேயே தெரிந்துவிடும்.

சமையலறையில் மாவு புளிக்காது, அதுதான் எல்லோரும் படும் பாடு. பேக்கிங் ஓவனைச் சூடேற்றாமல், அதனுள் இருக்கும் விளக்கை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை உள்ளே வையுங்கள். அடியில் ஒரு தட்டு, பொங்கினால் அதில் வழியும். நம் ஊரில் எட்டு மணி நேரம் என்றால் அங்கே 14, 16 மணி நேரம் ஆகும். ஓவன் திருகில் ஒரு காகிதத்தை ஒட்டி "உள்ளே மாவு" என்று எழுதி வைப்பது முக்கியம், யாராவது தெரியாமல் சூடேற்றிவிட்டால் எல்லாம் போச்சு. தயிரும் அதே இடத்தில் உறையும். தாளிக்கும் முன் புகைபோக்கி விசிறியைப் போடுங்கள், காய்ந்த மிளகாய் ஒன்று கருகினால் போதும், கூரையில் இருக்கும் புகை அலாரம் அலற ஆரம்பித்துவிடும். பயப்படாமல் ஜன்னலைத் திறந்து, அலாரத்துக்குக் கீழே ஒரு துண்டால் விசிறினால் அடங்கும்.

ஹீட்டர் காற்று தோலை உலர்த்திவிடும். உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் கசியும், கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கும். ராத்திரி அறையில் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் வையுங்கள், வெந்நீரில் நெடுநேரம் குளிக்காதீர்கள், குளித்த ஈரத்தோடே எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் அங்கே குளிர்காலம் முழுக்கக் கல்லாகவே இருக்கும், குறுகிய வாய் பாட்டிலில் கொண்டுபோனால் எடுக்க முடியாது, அகல வாய் ஜாடியில் ஊற்றி வையுங்கள். எண்ணெய்க் குளியல் வேண்டும் என்றால் குளியல் தொட்டியில் ரப்பர் விரிப்பு இல்லாமல் காலை வைக்கவே கூடாது.

வெளிச்சம். டிசம்பர் நடுவில் ஏழே முக்கால் வாக்கில்தான் சூரியன் வரும், நாலே முக்காலுக்குள் போய்விடும். அதற்குள் ஒரு முறையாவது வெளியே நின்றுவிட வேண்டும், பதினோரு மணியிலிருந்து இரண்டு மணிக்குள் என்றால் நல்லது. இருட்டியதும் மனசு கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். ஊருக்குப் போன் பேசுவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்: குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம், அங்கே காலை ஏழரை என்றால் இங்கே மாலை ஆறு, விளக்கேற்றும் நேரம். என் தங்கை வாசலில் உட்கார்ந்து பேசுவாள், பின்னால் பூக்காரர் குரல் கேட்கும். மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அன்று முதல் ஒன்பதரை மணி வித்தியாசம்.

திரும்பும்போது பூட்ஸில் படிந்த உப்புக் கறையை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்து, காய வைத்து, உள்ளே காகிதம் திணித்து வைத்தேன். ஜாக்கெட்டைத் துவைத்து மடித்து, மிட்டனை அதன் பையில் போட்டேன். பிரெஸ்டோ கார்டில் இன்னும் கொஞ்சம் காசு இருந்தது, அதையும் சாவியையும் உள் பையில் அதே ஊசியில் மாட்டி வைத்துவிட்டு வந்தேன். அடுத்த குளிருக்குச் சம்பந்தியம்மா போகிறார்.