பழைய மடத்தில் ஓர் இரவு: ஸ்பெயினின் பராடோர் விடுதியில் முதன்முறை தங்குவது எப்படி?

ஸ்பெயினில் கோட்டையிலோ துறவியர் மடத்திலோ இரவு தங்க ஆசையா? அதற்கென்றே அங்கே ஓர் அரசு நிறுவனம் இருக்கிறது. அதன் விடுதிகளுக்குப் பராடோர் என்று பெயர். நாடு முழுக்க 90க்கு மேல் உண்டு. முதலாவது 1928ல் கிரேதோஸ் மலையில் திறந்தது; அது புதிதாகக் கட்டிய விடுதி. 1930ல் ஒரோபேசா ஊரின் கோட்டை அரண்மனையில் அறைகள் போட்டார்கள். பழைய கட்டடங்களை விடுதியாக்கும் வழக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது. உள்நாட்டுச் சிற்றூர்களில் நல்ல தங்குமிடம் இல்லை. அதே ஊர்களில் பெரிய பெரிய கட்டடங்கள் பாழடைந்து கிடந்தன. இரண்டுக்கும் ஒரே மருந்து. ஆள் புழங்காத வீடு என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா?

முதல்முறை போகிறவர்கள் எந்த வரிசையில் திட்டமிடலாம் என்று கீழே சொல்கிறேன்.

படி 1: அந்தக் கட்டடம் முன்பு என்னவாக இருந்தது என்று பாருங்கள்

எல்லாரும் புகைப்படத்தையும் விலையையும் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள். நான் கட்டடத்தின் பழைய வேலையைப் பார்க்கச் சொல்வேன். உங்களுக்கு எப்படிப்பட்ட அறை, எப்படிப்பட்ட தூக்கம் கிடைக்கும் என்பதை அதுவே பாதி முடிவு செய்துவிடுகிறது.

மடம் என்றால் நடுவில் முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், அதையொட்டி அறைகள். அமைதி நிச்சயம், அறை சிறியதாக இருக்கலாம். குயென்கா, அல்மாக்ரோ, மாட்ரிட்டுக்குப் பக்கத்திலுள்ள சின்சோன் மூன்றும் இந்த வகை. அல்மாக்ரோவில் பல முற்றங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகத் திறக்கும். முதல் நாள் வழி தவறுவது சகஜம்.

கோட்டை என்றால் உயரம், தடித்த சுவர், சின்ன ஜன்னல். சிகுவென்சாவும் கட்டலோனியாவின் கார்டோனாவும் இப்படித்தான். வெயில் காலத்தில் சுவரே குளிர்ச்சி தரும். ஆனால் ஊருக்குள் போய்விட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் மேடு ஏறியாக வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போனால் இதை முதலிலேயே யோசியுங்கள்.

அரண்மனை வகைக்கு உபேதா. 16ஆம் நூற்றாண்டு மாளிகை, ஊரின் மிக அழகான சதுக்கத்திலேயே நிற்கிறது. மேடு ஏற வேண்டியதில்லை, வாசலைத் தாண்டினால் ஊர்.

மருத்துவமனையாக இருந்து விடுதியானதும் உண்டு. கிறிஸ்தவப் புனிதத் தலமான சாந்தியாகோ தே கொம்போஸ்தேலாவுக்கு நடந்து வந்த யாத்ரீகர்களுக்காக இசபெல்லா அரசியும் பெர்டினாண்ட் அரசரும் கட்டச் சொன்னது. 1501ல் வேலை தொடங்கியது. சிலுவை வடிவக் கட்டடம், மூலைக்கொன்றாக நான்கு முற்றங்கள், நடுவில் தேவாலயம். 1954ல் விடுதியானது. இன்றும் நடந்து வரும் யாத்ரீகர்களில் முதலில் வரும் சிலருக்கு அங்கே இலவச உணவு தருகிறார்கள். கட்டியவர்களின் நோக்கம் 500 ஆண்டு கழித்தும் விட்டுப்போகவில்லை என்பதை நினைத்தால் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

படி 2: உண்மையிலேயே பழையதா?

பராடோர் என்றாலே பழைய கட்டடம் என்று எண்ணிவிடாதீர்கள். டொலேடோ, செகோவியா, கோர்டோபா ஊர்களின் பராடோர்கள் பழைய நகரத்துக்கு வெளியே கட்டிய விடுதிகள். டொலேடோவில் மொட்டைமாடியிலிருந்து ஆற்றுக்கு அக்கரையில் நகரம் முழுவதும் தெரியும். அதற்காகப் போகலாம், தவறே இல்லை. ஹாயேனில் குன்றின் மேல் கோட்டை பழையது, அதன் பக்கத்தில் கோட்டை போலவே கட்டிய விடுதி 1960களைச் சேர்ந்தது. விடுதியின் இணையப் பக்கத்தில் 'வரலாறு' பகுதியைப் படித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

படி 3: போகும் வழி

கார் ஓட்டாதவர்கள் குயென்கா, சிகுவென்சா, அல்மாக்ரோ, லியோன் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான்குக்கும் மாட்ரிட்டிலிருந்து ரயிலில் போகலாம். குயென்காவுக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்தான். ஆனால் அந்த நிலையம் ஊருக்கு வெளியே இருப்பதால் பஸ்ஸோ டாக்சியோ பிடிக்க வேண்டும். அலார்கோன் கோட்டை மிக அழகு, ஆனால் ரயில் கிடையாது.

படி 4: தேதியும் கட்டணமும்

ஒரே அறைக்கு நாளுக்கு நாள் விலை மாறும். ஞாயிறு முதல் வியாழன் வரை பெரும்பாலும் குறைவு. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் எல்லா ஊரிலும் கூட்டம். அல்மாக்ரோவில் ஜூலை மாதம் நாடக விழா. ஜூலை 25 சாந்தியாகோ என்கிற புனித யாக்கோபின் திருநாள். அந்த நாட்களுக்குப் பல மாதம் முன்பே புக் செய்ய வேண்டும். பராடோரின் உறுப்பினர் திட்டத்தில் சேரக் காசு இல்லை, சேர்ந்துவிட்டு விலை பாருங்கள். இளையவர்களுக்கும் வயதில் மூத்தவர்களுக்கும் தனித் தள்ளுபடி உண்டா என்றும் பாருங்கள். விசா இன்னும் கைக்கு வராதவர்கள், ரத்து செய்தால் பணம் திரும்பும் கட்டணத்தை மட்டும் எடுங்கள். சில யூரோ மிச்சம் என்று திரும்பாத கட்டணத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

படி 5: அறையைக் கேட்டு வாங்குங்கள்

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய கட்டடத்தில் எந்த இரண்டு அறையும் ஒன்றுபோல் இருக்காது. ஒருமுறை ஓர் ஊரில் நான் எதுவும் கேட்காமல் புக் செய்தேன். ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம். அதே விலையில் இன்னொருவருக்கு முற்றம் பார்த்த அறை. அன்றிலிருந்து புக் செய்த கையோடு மின்னஞ்சல் அனுப்புகிறேன். அறை எந்தப் பக்கம் பார்க்கிறது, லிப்ட் அந்தத் தளம் வரை வருகிறதா, பெரிய கட்டிலா இரண்டு தனிக் கட்டிலா, பழைய பகுதியிலா பின்னால் சேர்த்த பகுதியிலா? இந்த நான்கு கேள்வி போதும்.

படி 6: போய்ச் சேரும் நாள்

மதியமே போய்ச் சேருங்கள். பாஸ்போர்ட் கேட்பார்கள், எல்லாருடையதும் கையில் இருக்கட்டும்.

குயென்காவில் பராடோர் ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் 16ஆம் நூற்றாண்டு மடத்தில் இருக்கிறது. எதிர்க்கரையில் பாறையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தொங்கும் வீடுகள். நடுவில் 1902ல் கட்டிய இரும்பு நடைபாலம், சுமார் 40 மீட்டர் உயரம், தரையில் மரப்பலகை. எதிரே யாராவது வந்தால் அவர்கள் அடி வைப்பது உங்கள் காலில் அதிரும். பெட்டியை அறையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு இருட்டிய பிறகு ஒருமுறை நடந்து பாருங்கள். பகலில் வந்த கூட்டம் ரயிலேறிப் போயிருக்கும். பாறைக்கு விளக்குப் போட்டிருப்பார்கள். கீழே ஓடும் வெகார் ஆறு காதில் மட்டும் இருக்கும். இதற்காகவே இரண்டு இரவு தங்கச் சொல்கிறேன்.

கட்டடத்தின் துயரமான பக்கத்தையும் தெரிந்துகொண்டு போங்கள். லியோனின் பராடோரான சான் மார்கோஸ் கட்டடத்தின் முகப்பு கல்லில் செய்த நகை போல இருக்கும். அதே இடத்தில்தான் கவிஞர் கெவேதோ 1639 முதல் 1643 வரை சிறையிருந்தார். 1936-39 உள்நாட்டுப் போரின்போது ஆயிரக்கணக்கான குடியரசுத் தரப்புக் கைதிகளை அங்கே அடைத்து வைத்தார்கள். அந்தத் தாழ்வாரத்தில் நடக்கும்போது அவர்களையும் நினைக்காமல் இருக்க என்னால் முடியாது.

படி 7: சாப்பாடு

இரவுச் சாப்பாடு எட்டரைக்கு மேல்தான். சைவம் சாப்பிடுபவர்கள் 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் ஹமோன் என்ற உப்பிட்ட பன்றித் தொடையோ டூனா மீனோ காய்கறிக்குள் வந்துவிடலாம். 'சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ (மீன் இல்லாமல்)' என்று மூன்றையும் சொல்லுங்கள். லா மஞ்சா பகுதியில் 'பிஸ்தோ' கேளுங்கள்: தக்காளி, குடைமிளகாய், சுரைக்காய் வகைக் காய் எல்லாம் எண்ணெயில் வெந்து குழைந்திருக்கும். அல்மாக்ரோவின் கத்தரிக்காய் ஊறுகாய் நம் நாக்குக்கு உடனே பிடிக்கும்.

படி 8: விசேஷம் நடத்துவதாக இருந்தால்

கல்யாணம், ஆண்டு விழா, அலுவலகக் கூட்டம் எதுவானாலும் முதல் கேள்வி அறைகளின் எண்ணிக்கை. அலார்கோன் போன்ற கோட்டையில் 14 அறைதான்; மிச்சப் பேர் எங்கே தூங்குவார்கள்? வெளிநாட்டவர் இருவர் ஸ்பெயினில் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்வது பெரும்பாலும் சிக்கல், குடியிருப்புச் சான்று கேட்பார்கள். பதிவை உங்கள் ஊரில் முடித்துவிட்டுச் சடங்கை அங்கே வைத்துக்கொள்வது எளிது.

இவை பெரும்பாலும் சட்டம் பாதுகாக்கும் கட்டடங்கள். சுவரில் ஆணி, தூணில் கம்பி, முற்றத்தில் நெருப்பு, நள்ளிரவு வரை ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கு என்ன விதி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மழை வந்தால் எந்த மண்டபம், அதற்குத் தனி வாடகையா என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

முற்றத்தை, விழா நடக்கப்போகும் அதே மணி நேரத்தில் போய்ப் பாருங்கள். ஜூன் கடைசியில் மாட்ரிட்டில் சூரியன் மறைய இரவு 9.45 மணிக்கு மேல் ஆகிறது. மாலை 7 மணிக்கு விருந்தினரை அழைத்தால் பாதிப் பேர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். அழைப்பிதழில் எட்டரை என்று போடுங்கள்.