பெரியவர்களின் பதிகங்களைக் குறிப்பேட்டில் சேர்க்கும் முறை

வீட்டுப் பெரியவர்கள் மனத்தில் வைத்திருக்கும் பதிகங்களைத் தொகுக்க விரும்புவோர், அச்சுப் புத்தகத்தை முதலில் எடுக்காமல், அவர்கள் விளக்கேற்றிவிட்டுப் பாடும்போதே, முன்கூட்டிச் சொல்லிவிட்டு, கைப்பேசியில் பதிவு செய்துகொள்ள வேண்டும். தனியே உட்காரவைத்துக் கேட்டால் பாதி வரிகள் நினைவுக்கு வருவதில்லை. பிறகு கேட்டபடியே எழுதி, சைவப் பாடல்களின் தொகுப்பான திருமுறையின் அச்சுப் பதிப்போடு ஒப்பிடுங்கள். ‘மாசில் வீணையும்’ என்னும் அப்பர் பாடல் 5ஆம் திருமுறையில் உள்ளது; நீற்றறையில் (சுண்ணாம்புக் காளவாயில்) இடப்பட்டபோது அவர் பாடியது என்பது மரபு. என் அம்மா அதில் ‘வீசு தென்றலும்’ என்னுமிடத்தில் சற்று நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்வார். அந்த இடத்தைச் சிறு கோடிட்டுக் குறித்திருக்கிறேன். பாடம், அதாவது பாடலின் சொற்கள், வேறுபட்டால், அவர்கள் பாடியதை அடித்துவிடாமல், அச்சுப் பாடத்தை ஓரத்தில் எழுதுங்கள். யாரிடம், எந்த வயதில் கற்றார்கள் என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.