தென்னையில் சுருள் வெள்ளை ஈ: மருந்து வாங்காமல் சமாளித்தது

2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ, அப்புறம் எங்கள் தோப்புக்கும் வந்தது. கீற்றின் அடிப்பக்கம் வட்ட வட்டமாக வெள்ளை மெழுகு. அது கழிக்கும் பிசுபிசுப்பு கீழ்மட்டையில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம். ஊடுபயிர் வாழைகூடக் கரி பூசியது போலானது.

கடைக்காரர் பூச்சிமருந்தை நீட்டினார். வேண்டாம் என்றேன். ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற பொடிக்குளவியும் அதில் செத்துப்போகும்.

ஈ வந்து ஒட்டிக்கொள்ள, மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி, மரத்தில் ஆள் உயரத்துக்குக் கட்டினேன். தூசி படிந்தால் துடைத்து மறுபடி தடவணும், அதுதான் தொல்லை. விசைத்தெளிப்பானில் வெறும் தண்ணீரைக் கீற்றின் அடியில் பீய்ச்சினோம். கரும்பூசணத்துக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதா போட்டுக் காய்ச்சிய கஞ்சி. ஆறவைத்துத் தெளித்தோம், வெயிலில் காய்ந்ததும் கருப்பு செதில் செதிலாக உரிந்து விழுந்தது. பார்க்கவே திருப்தி!

பக்கத்துத் தோப்பிலிருந்து குளவி இருந்த கீற்றுத் துண்டுகளைக் கொண்டுவந்து எங்கள் மட்டைகளில் செருகினேன். குளவி முட்டையிட்ட ஈக்குஞ்சு கருப்பாகிவிடும். லென்ஸ் வைத்தால் நன்றாகத் தெரியும். கருப்பு கூடக்கூட எனக்குத் தெம்பு வந்தது.

ஈ அடியோடு போகவில்லை. மழையில் அடங்கும், கோடையில் தலைதூக்கும். அப்போது திரும்பவும் தண்ணீர்தான்.