கரை முழுக்க ஆள் நிற்கும்போது தூண்டில் போடுவது எப்படி?

விடியும் முன்பே போய்விட்டால் நல்ல இடம் கிடைக்கும் என்று நம்பி நடக்கிறீர்கள். கிட்டே போனால் கரையோரமாக வரிசையாக நெற்றி விளக்குகள். பத்தடிக்கு ஒரு தூண்டில் கம்பு. தூண்டிலை இப்போதுதான் கையில் எடுத்திருக்கிற பலர் இதைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறார்கள். சிலர் கிடைத்த இடுக்கில் நுழைந்து, முதல் வீச்சிலேயே பக்கத்தவரின் நரம்போடு, அதாவது தூண்டில் இழையோடு, சிக்கிக்கொள்கிறார்கள். நான் தொடங்கியது அப்படித்தான். அன்று என் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லாமல் சிக்கலைப் பிரித்துக் கொடுத்தார். இதை எழுதுவதற்கு அவரும் ஒரு காரணம்.

பொழுதுபோக்காக மீன் பிடிப்பவர்கள் உலகில் குறைந்தது 22 கோடிப் பேர் இருப்பார்கள் என்று உலக வங்கி 2012இல் மதிப்பிட்டது. 2020இல் பெருந்தொற்று வந்தபோது, வெட்டவெளியில் தள்ளித் தள்ளி நின்று செய்யக்கூடியது என்பதால் பல நாடுகளில் புதிதாக நிறையப் பேர் இதற்குள் வந்தார்கள். ஆள் கூடிய அளவுக்குக் கரை நீளவில்லை. அதனால் முடிச்சுப் போடக் கற்றுக்கொள்வது மாதிரி, கூட்டத்தில் நின்று பிடிக்கவும் கற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டம் என்றால் பக்கத்தில் நிற்பவரைத்தான் நினைக்கிறோம். ஆனால் கூட்டத்தால் அதிகம் மாறுவது மீன். எத்தனையோ தூண்டில் முள்ளைப் பார்த்த மீன், எத்தனையோ கை பட்ட மீன் அது. கீழே வரும் படிகளில் பாதி மனிதர்களுக்காக, மீதி அந்த மீனுக்காக.

படி 1: நேரத்தை மாற்றிப் பாருங்கள்

கூட்டத்தைச் சமாளிக்க எளிய வழி, அது இல்லாத நேரத்தில் போவது. வார நாளில் ஒரு காலை கிடைத்தால் விடாதீர்கள். ஞாயிறு மாலை வரை கலங்கிக் கிடந்த நீர் அடங்க ஓரிரு நாள் ஆகும். அதனால் வாரத்தின் நடுப்பகுதி எனக்குப் பிடித்த நேரம். தூறல் விழுகிற நாளிலும் கரை காலியாகிவிடும். மழைத்துளி நீர்ப்பரப்பைக் கலைத்துவிடுவதால் மேலே நிற்கும் நம்மை மீன் தெளிவாகப் பார்ப்பதும் கடினம். இடி மின்னல் தொடங்கினால் மட்டும் கம்பை மடக்கிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். கார்பன் இழைக் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். இதே காரணத்துக்காகத்தான் மின்கம்பிக்குக் கீழே நின்று ஒருபோதும் வீசக் கூடாது.

படி 2: வீட்டிலேயே மூன்று இடம் குறித்துக்கொள்ளுங்கள்

பெரும்பாலானவர்கள் வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து கொஞ்ச தூரம்தான் நடக்கிறார்கள். கைப்பேசியில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, வண்டி நிற்கும் இடத்திலிருந்து பதினைந்து நிமிட நடையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீர் உள்ளே வரும் வாய், நீர்ச்செடி முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பு, நீரில் சாய்ந்து கிடக்கும் மரம், கரை வளையும் மூலை. இவற்றில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இடத்தில் ஆள் இருந்தால் முகம் வாடாமல் இரண்டாவதற்குப் போகலாம். காற்று எந்தக் கரையைப் பார்த்து அடிக்கிறதோ அங்கே மிதக்கும் இரை ஒதுங்கும், அதைத் தேடி மீனும் வரும். முகத்தில் காற்று அடிக்கும் என்று அந்தப் பக்கம் பலர் போவதில்லை.

தனியார் நிலத்தின் வழியாக நடக்க அனுமதி வேண்டுமா, அந்த நீரில் பிடிக்க உரிமம் வேண்டுமா, எந்த மாதம் எந்த மீனுக்குத் தடை என்பதையும் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

படி 3: பையைத் திறக்காமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள்

புதியவர்கள் தவறவிடும் படி இது. போனவுடன் கம்பை விரிக்காமல் சும்மா நின்று பாருங்கள். யார் எந்தத் திசையில் வீசுகிறார்கள்? நரம்பு எங்கே போய் விழுகிறது? நீரோட்டம் அதை எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது? கரையில் இரண்டு பேருக்கு நடுவே தெரிகிற இடைவெளி நீருக்குள் இருக்காது. ஒருவர் சாய்வாக வீசிக்கொண்டிருந்தால் உங்கள் எதிரே இருக்கிற நீர் ஏற்கெனவே அவருடையது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 மீட்டர் தூரம் வீசும்போது உங்கள் குறி 20 பாகை விலகினால், இரை விழுகிற இடம் ஏறக்குறைய 10 மீட்டர் பக்கவாட்டில் தள்ளிப்போகும். கை பழகாதவர்களுக்கு 20 பாகை விலகுவது சாதாரணம். 15 மீட்டர் மட்டும் வீசினால் அதே தவறில் விலகல் ஏறக்குறைய ஐந்து மீட்டர்தான். ஆகவே இடம் எவ்வளவு நெருக்கமோ, வீச்சின் தூரம் அவ்வளவு குறைவாக இருக்கட்டும். தூரம் வீசினால்தான் மீன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விடியற்காலையில் மீன் கரையை ஒட்டியே மேயும், பல நாள் நம் காலடியிலேயே நிற்கும்.

அப்புறம், கேளுங்கள். "நீங்க எந்தப் பக்கம் வீசுறீங்க? நான் இங்க நின்னா இடைஞ்சலா இருக்குமா?" இவ்வளவு போதும். கேட்டு மறுத்தவர்களைவிட, நகர்ந்து இடம் கொடுத்து, எந்த இரைக்குக் கொத்துகிறது என்றும் சொன்னவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவர் முதலில் வந்தவர். வாதாடாமல் அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள்.

ஓடும் நீரில் இன்னொரு விஷயம் உண்டு. சிலர் ஒரே இடத்தில் நிற்க மாட்டார்கள், அடி அடியாக ஒரு திசையில் நகர்ந்துகொண்டே பிடிப்பார்கள். அவர் போகும் திசையில் முன்னால் போய் இறங்குவது, அவர் இன்னும் தொடாத நீரை எடுத்துக்கொள்வதற்குச் சமம். அவர் கடந்து வந்த பக்கமாக, நல்ல இடைவெளி விட்டு இறங்குங்கள்.

படி 4: வீசும் முன் பின்னால் பாருங்கள்

ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் திரும்பிப் பாருங்கள். முதல் வீச்சுக்கு மட்டும் பார்த்தால் போதாது, ஏனென்றால் கூட்டமான கரையில் ஆள் நடந்துகொண்டே இருப்பார்கள். பக்கவாட்டில் சுழற்றி வீசுவதைத் தனியாக இருக்கும் நாளுக்கு வைத்துக்கொண்டு, இங்கே தலைக்கு மேலாக நேராக வீசுங்கள். கம்பு நுனியிலிருந்து தொங்கும் நரம்பின் நீளத்தையும் குறைத்துவிடுங்கள். தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம். நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் கூசொளியை வடிக்கும் போலராய்டு கண்ணாடி என்றால் கண்ணுக்கும் காவல், நீருக்குள் பார்க்கவும் உதவும். குழந்தைகள் ஓடியாடும் கரையாக இருந்தால் நான் மூன்று முனை முள்ளைக் கட்டவே மாட்டேன்.

ஈயக்குண்டு கொஞ்சம் கனமாக இருப்பது நல்லது. இலேசான குண்டு ஓட்டத்தில் உருண்டு போய் வரிசையில் நிற்கும் எல்லோருடைய நரம்பையும் அள்ளிக்கொண்டு வரும்.

படி 5: சிக்கிக்கொண்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் சிக்கும். சிக்கியது தெரிந்ததும் செய்யக் கூடாதது, கம்பை வெடுக்கென்று இழுப்பது. இழுத்தால் முடிச்சு இறுகும். முள் திடீரென்று விடுபட்டால் எந்த முகத்தில் வந்து அடிக்கும் என்று சொல்ல முடியாது.

சரி, என்ன செய்வது? "மாட்டிக்கிச்சு" என்று பக்கத்தவருக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். ஒருவர் மட்டும் ரீலை (கம்பில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையை) சுற்ற, மற்றவர் தன் ரீலிலிருந்து நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் ஒன்றாகச் சுற்றினால் சிக்கல் பெரிதாகும். சிக்கல் கரைக்கு வந்ததும் முதலில் இரண்டு முள்ளையும் தேடிப் பிடித்துப் பத்திரப்படுத்துங்கள், அதற்கப்புறம்தான் முடிச்சில் கை வைக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் பிரியவில்லை என்றால் அறுத்துவிடலாம். அப்போது உங்கள் நரம்பை அறுங்கள். யார் தவறு என்ற பேச்சே வராது. சாதாரண நரம்புக்குப் பதிலாகப் பின்னல் நூல் போட்டவர்கள் விறைப்பாக இருக்கும் நூலைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது, அது விரலை அறுத்துவிடும்.

படி 6: மீன் மாட்டினால் குரல் கொடுங்கள்

அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் சாக்கை சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஏறிவரும் பருவத்தில் தூண்டில்காரர்கள் தோளோடு தோள் உரச நிற்பார்கள். அங்கே ஒருவருக்கு மீன் மாட்டினால் உரக்கக் கத்துவது வழக்கம். கேட்டதும் பக்கத்தில் நிற்பவர்கள் தங்கள் நரம்பைச் சுற்றி வழி விடுவார்கள். எந்தக் கரைக்கும் இது பொருந்தும். மீன் பக்கவாட்டில் ஓடினால் நீங்களும் அதன் பின்னால் நகருங்கள், மற்றவர்களின் கம்புக்குக் கீழேயோ பின்னாலோ கடந்து போகலாம். அடுத்தவருக்கு மாட்டும்போது நீங்களும் அதே வேகத்தில் நரம்பை எடுத்துவிடுங்கள். அவரிடம் கைவலை இல்லை என்றால் உங்களுடையதை நீட்டுங்கள்.

படி 7: உஷாராகிவிட்ட மீனைப் புரிந்துகொள்ளுங்கள்

நெதர்லாந்தில் பியூக்கமா என்ற ஆய்வாளர் கெண்டை மீன்களை வைத்துச் செய்த தூண்டில் சோதனைகளை 1970இல் வெளியிட்டார். ஒரே ஒரு முறை முள்ளில் மாட்டி விடப்பட்ட கெண்டைகூட அதற்கப்புறம் பிடிபடுவது வெகுவாகக் குறைந்திருந்தது. பைக் என்னும் வேட்டை மீனிலும் அவர் இதைச் சோதித்துப் பார்த்தார். சுழலும் உலோகத் தகட்டு இரையைத் தவிர்க்க அது சீக்கிரமே கற்றுக்கொண்டது, ஆனால் உயிருள்ள இரை மீனிடம் அந்த எச்சரிக்கை இல்லை. கூட்டமான நீரில் எல்லோரும் ஒரே பளபளக்கும் பொம்மை இரையை வீசிக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு வேண்டிய பாடம் இதில் இருக்கிறது: மற்றவர்கள் போடுவதைப் போடாதீர்கள். அவர்கள் வேகமாக இழுத்தால் நீங்கள் மெதுவாக இழுங்கள். அவர்கள் அடியில் போட்டால் நடு ஆழத்தில் தக்கையோடு விடுங்கள். முள்ளையும் இரையையும் ஒரு அளவு சிறிதாக்குங்கள். நரம்பை மெல்லியதாக்கலாம், ஆனால் ஓர் எல்லைக்குள். மீனை விரைவாகக் கரை சேர்க்க முடியாத அளவுக்கு மெல்லிய நரம்பு, மீனையும் களைக்க வைக்கும், அக்கம்பக்கத்தையும் காக்க வைக்கும்.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில் போகும், காற்றில் போவதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். ஆனால் காற்றில் பேசும் பேச்சு பெரும்பாலும் நீர்ப்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். மீனை விரட்டுவது பேச்சைவிடக் காலடிதான். தடதடவென்று நடப்பதும், பெட்டியைத் தொப்பென்று வைப்பதும் மண் வழியாக நேரே நீருக்குள் இறங்கும். மீன் தன் உடலின் இரு பக்கமும் ஓடும் உணர்வுக்கோட்டால் அருகில் எழும் அதிர்வை அறியும். பார்வையும் அப்படித்தான். ஒளி வளைவதால், மேலே இருக்கிற உலகம் முழுவதும் மீனுக்குச் சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டச் சன்னலுக்குள் தெரியும். தாழ்வாக இருப்பவை அந்தச் சன்னலின் விளிம்பில் நசுங்கி மங்கலாகத்தான் தெரியும். அதனால் குனிந்து வாருங்கள், உட்கார்ந்து பிடியுங்கள். பத்து பேர் நிமிர்ந்து நிற்கும் கரையில் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குக் கொத்துவதைப் பார்க்கும்போது, அவருக்கு அதிர்ஷ்டம் என்று மட்டும் நான் நினைப்பதில்லை.

படி 8: திருப்பி விடுவதானால் உயிரோடு விடுங்கள்

கூட்டமான நீரில் ஒரே மீன் பல கைகளுக்கு வந்து போகிறது. அதனால் விடுகிற விதம் மிக முக்கியம். கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இருவர் 1992இல் வெளியிட்ட ஆய்வு என் பழக்கத்தையே மாற்றியது. ரெயின்போ டிரவுட் மீன்களை ஓடவிட்டுக் களைக்க வைத்தபோது, காற்றில் தூக்காமல் விட்டவற்றில் 88 விழுக்காடு 12 மணி நேரத்துக்குப் பின்னும் உயிரோடு இருந்தன. 30 நொடி காற்றில் வைத்தவற்றில் 62 விழுக்காடு. ஒரு நிமிடம் வைத்தவற்றில் 28 விழுக்காடுதான். எல்லா மீனும் டிரவுட் அளவுக்கு மென்மையானவை அல்ல. ஆனாலும், புகைப்படத்துக்காக மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கைப்பேசி எந்தப் பையில் என்று தேடுகிற நேரம் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், உலர்ந்த கை மீனின் வழவழப்புப் படலத்தை உரித்துவிடும். முள் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நீட்டியிருக்கும் சிறு பல்லைக் குறடால் நசுக்கிவிட்டால் நீரில் வைத்தபடியே முள்ளைக் கழற்றலாம். முள்ளை விழுங்கியிருந்தால் தோண்டி எடுக்காமல் நரம்பை முள்ளருகே அறுத்துவிடுங்கள். நீர் சூடேற ஏற அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், களைத்த மீன் மீள நேரம் ஆகும். கொதிக்கும் மதியத்தில், விடுவதற்காக மட்டும் பிடிப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

படி 9: கிளம்பும்போது

அறுந்த நரம்புத் துண்டு ஒவ்வொன்றையும் பொறுக்கிப் பையில் போடுங்கள், உங்களுடையதா என்று பார்க்க வேண்டாம். பறவைகளின் காலில் சுற்றிக்கொள்வது இதுதான். ஈயக்குண்டுக்கு மாற்று கிடைத்தால் அதை வாங்குங்கள். பிரிட்டனில் அன்னங்கள் சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி நஞ்சேறிச் செத்ததால் 1987இல் அவற்றுக்குத் தடை வந்தது.

கிளம்பும் முன் சுற்றிப் பாருங்கள். நீங்கள் முதல் நாள் நின்ற மாதிரி யாராவது பையைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தால், அவரைக் கூப்பிட்டு உங்கள் இடத்தைக் கொடுங்கள். பக்கத்தில் இருப்பவர் எந்தத் திசையில் வீசுகிறார், எந்த ஆழத்தில் கொத்தியது, அடியில் எங்கே வேர் கிடக்கிறது என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.