ஏரிக்கரை ஊரில் முதல் மாதம்: கனடாவிலிருந்து அஹிஹீக் வருபவர்களுக்கு

மெக்சிகோவின் ஹலீஸ்கோ மாநிலத்தில், குவாதலஹாரா விமான நிலையத்தில் இறங்கி காரில் முக்கால் மணி நேரம் வந்தால் சபாலா ஏரி. நாட்டிலேயே பெரிய ஏரி இதுதான். அதன் வடகரையில் இருக்கும் அஹிஹீக் என்ற சின்ன ஊருக்குக் கனடாக்காரர்களும் அமெரிக்கர்களும் பல பத்தாண்டுகளாக வந்து தங்கிக்கொண்டிருக்கிறார்கள். டொராண்டோவில் வேலை முடிந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் மனைவியும் இங்கே வந்து சேர்ந்தோம். கிளம்புவதற்கு முன்னால் எல்லோரும் என்னிடம் கேட்பது விசாவும் வாடகையும். வந்து இறங்கிய முதல் வாரத்தில் போன் போட்டுக் கேட்பது வேறு: "குழாயில தண்ணி நின்னுபோச்சு, யாரைக் கூப்பிடணும்?" இரண்டுக்கும் சேர்த்து எழுதுகிறேன். வரிசை முக்கியம், முன்னே பின்னே மாற்றினால் அலைச்சல்தான்.

படி 1: கனடாவில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

கனடா பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலாவாக வர விசா தேவையில்லை, அதிகபட்சம் 180 நாட்கள் கொடுப்பார்கள். கொடுக்கலாம் என்பதுதான் சட்டம், எப்போதும் முழு 180-ம் கிடைக்கும் என்று இல்லை. அதிகாரி எத்தனை நாள் எழுதியிருக்கிறார் என்று கவுண்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். முதல் முறை வருபவர்கள் ஒரு குளிர்காலம் இப்படியே தங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்வதே நல்லது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நிரந்தரமாகத் தங்க நினைத்தால் தற்காலிகக் குடியிருப்பு விசாவுக்குக் கனடாவில் உள்ள மெக்சிகோ தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று சுற்றுலாவாக வந்து விடாதீர்கள். வருமானம் அல்லது சேமிப்புக்கு ஆதாரம் காட்ட வேண்டும், தொகை வருடத்துக்கு வருடம் மாறும். பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் விசா 180 நாட்களுக்குள் ஒரே ஒரு முறை உள்ளே வருவதற்கு மட்டும். வந்து இறங்கிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் குடியேற்ற அலுவலகத்துக்குப் போய் அட்டையாக மாற்றும் வேலையைத் தொடங்க வேண்டும். இந்த 30 நாளைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். முதல் அட்டை ஒரு வருடம், புதுப்பித்துப் புதுப்பித்து நான்கு வருடம் முடிந்தால் நிரந்தரக் குடியிருப்பு.

மருத்துவக் காப்பீடு. ஒன்டாரியோக்காரர்கள் எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் 153 நாட்கள் மாகாணத்துக்குள் இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஓஹிப் என்ற மாகாண மருத்துவக் காப்பீடு போய்விடும். மற்ற மாகாணங்களில் கணக்கு வேறு, கேட்டுக்கொள்ளுங்கள். ஓஹிப் கையில் இருந்தாலும் மெக்சிகோ ஆஸ்பத்திரிச் செலவில் அது தருவது மிகச் சொற்பம், ஆகவே பயணக் காப்பீடு இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

ஓய்வூதியம் விஷயத்தில் ஒன்றே ஒன்று: 18 வயதுக்குப் பிறகு கனடாவில் 20 வருடம் வாழ்ந்திருந்தால்தான் ஓ.ஏ.எஸ். என்ற கனடா அரசின் முதியோர் ஓய்வூதியத் தொகை வெளிநாட்டிலும் தொடர்ந்து வரும். அவ்வளவு வருடம் ஆகவில்லை என்றால் ஆறு மாதத்துக்குப் பிறகு நின்றுவிடும். என்னைப் போல நடுவயதில் கனடாவுக்குக் குடியேறியவர்கள் இதைக் கணக்குப் போடாமல் வீட்டை விற்றுவிட வேண்டாம்.

படி 2: வீடு

படத்தைப் பார்த்து வருட ஒப்பந்தம் போடாதீர்கள். ஒரு மாதத்துக்கு ஏதாவது அறை எடுத்துக்கொண்டு, பிடித்த வீட்டைக் காலையில் ஒரு முறை, சனிக்கிழமை இரவு ஒரு முறை போய்ப் பாருங்கள். ஊரின் நடுவே எல்லாம் கல் பாவிய தெரு, நடந்தே எல்லா இடத்துக்கும் போகலாம், ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்தக் கற்கள் கஷ்டம். மலைப்பக்கம் ஏறினால் ஏரி தெரியும், காற்று வரும், ஆனால் ஒவ்வொரு பால் பாக்கெட்டுக்கும் இறங்கி ஏற வேண்டும்.

மெக்சிகோவில் பெசோவுக்கும் டாலர் குறிதான். இந்த ஊரில் வாடகையை அமெரிக்க டாலரிலும் சொல்வார்கள், பெசோவிலும் சொல்வார்கள், கனடா டாலர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். எந்தப் பணம் என்று வாய்விட்டுக் கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தின் ஸ்பானிஷ் பிரதிதான் செல்லும், ஆங்கிலப் பிரதி உங்கள் வசதிக்கு. வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது மூன்று: கடைசி மின் ரசீதைக் காட்ட முடியுமா, தரைத்தொட்டி எத்தனை லிட்டர், குழாய்த் தண்ணீர் எந்தெந்த நாட்களில் வரும்.

படி 3: தண்ணீர்

அவ்வளவு பெரிய ஏரியின் பக்கத்தில் இருந்துகொண்டு தண்ணீரைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேனே என்று தோன்றும். ஆனால் இந்த ஏரி ஆழமே இல்லாத ஏரி. குவாதலஹாரா என்ற பெருநகரத்தின் குடிநீரில் பெரும்பங்கு இதிலிருந்துதான் போகிறது. நம் வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் நினைத்த நேரத்தில் வராது.

கனடாவில் பிறந்து வளர்ந்த நண்பர்களுக்கு இதை விளக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். சென்னையில் வளர்ந்தவருக்கு ஒரே வரி போதும்: அல்ஹீபே என்றால் ஸம்ப், தினாக்கோ என்றால் மொட்டை மாடி டேங்க், நடுவில் மோட்டார். தெருக்குழாய்த் தண்ணீர் வரும்போது அல்ஹீபேயில் சேரும், மோட்டார் அதை தினாக்கோவுக்கு ஏற்றும், அங்கிருந்து குளியலறைக்கும் சமையலறைக்கும் இறங்கும். தீர்ந்துபோனால் பீபா என்று கேளுங்கள், தண்ணி லாரி வரும்.

குடிபோன முதல் நாளே செய்யுங்கள். அல்ஹீபேயின் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள், ஒரு குச்சியில் அடையாளம் போட்டு வைத்தால் வாரம் எவ்வளவு குறைகிறது என்று தெரியும். மோட்டார் சுவிட்ச் எங்கே, அதன் சத்தம் எப்படி என்று கேட்டு வையுங்கள். மிதவை வால்வு ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காமல் ஓடும், அல்லது ஓடவே ஓடாது. எங்கள் வீட்டில் இரண்டாவது வாரமே ஒட்டிக்கொண்டு, ராத்திரி முழுக்க மாடியிலிருந்து தண்ணீர் வழிந்து, காலையில் எதிர்வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டித்தான் எனக்கே தெரிந்தது. அத்தனை தண்ணீர் வீணானது இன்னமும் மனதை உறுத்துகிறது. அந்த அம்மாள்தான் வால்வை எப்படித் தட்டி விடுவது என்று மாடியேறி வந்து காட்டிக் கொடுத்தார்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். குடிக்கவும் சமைக்கவும் கர்ரஃபோன் என்ற 20 லிட்டர் கேன். காலிக் கேனைக் கொடுத்து நிறைந்ததை வாங்க வேண்டும், ஆக முதல் தடவை மட்டும் கேனுக்கும் சேர்த்துக் காசு. சில வீடுகளில் வடிகட்டியும் புற ஊதா விளக்கும் பொருத்தியிருப்பார்கள், அந்த விளக்கைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்காமல் நம்பாதீர்கள். கீரை, கொத்தமல்லி, ஸ்ட்ராபெரி இவற்றைக் கழுவிய பின் கிருமிநீக்கிச் சொட்டு விட்ட தண்ணீரில் பாட்டிலில் எழுதியிருக்கும் நேரம் வரை ஊற விடுங்கள், எல்லா மளிகைக் கடையிலும் அந்தச் சொட்டு இருக்கும்.

படி 4: காஸும் கரண்டும்

வீட்டுக்கு வீடு மாடியில் ஒரு காஸ் தொட்டி இருக்கும், முள் நூற்றுக்கு எத்தனை என்று காட்டும். 20-க்கு இறங்கும்போதே லாரியைக் கூப்பிட்டுவிடுங்கள். நிரப்பும் முன் லாரியின் மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்து, முடிந்ததும் அச்சிட்ட சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்கிலும் இதே பழக்கம்தான். வெந்நீர் வராவிட்டால் பத்தில் எட்டு முறை பாய்லரின் சிறு சுடர் காற்றில் அணைந்திருக்கும்.

மின்சாரம் அரசு நிறுவனமான சி.எஃப்.இ. கொடுப்பது, ரசீது இரண்டு மாதத்துக்கு ஒன்று. கனடாவின் பிளக்கும் சாமான்களும் இங்கே அப்படியே ஓடும், அதில் கவலை இல்லை. கவனிக்க வேண்டியது அளவு. மாதச் சராசரி 250 யூனிட்டைத் தாண்டினால் மானியம் போய், அதிகப் பயன்பாட்டுக் கட்டணத்தில் தள்ளிவிடுவார்கள். சராசரியைப் பன்னிரண்டு மாதத்துக்கு எடுப்பதால் முன்பு இருந்தவர் ஏசி ஓட்டிய கணக்கும் உங்கள் தலையில் விழும். பழைய ரசீதைக் கேட்கச் சொன்னது அதனால்தான். கட்டுவதற்கு மூலைக்கு மூலை இருக்கும் ஆக்ஸோ கடை போதும்.

இன்னொன்று: கழிப்பறைக் காகிதத்தைக் கூடையில்தான் போட வேண்டும். பழைய குழாய்கள் அதைத் தாங்காது.

படி 5: பணம்

வங்கியின் உள்ளே இருக்கும் ஏடிஎம்மில், பகல் நேரத்தில் எடுங்கள். திரையில் கனடா டாலராக மாற்றித் தரட்டுமா என்று கேட்கும், மறுத்துவிடுங்கள். மறுத்தாலும் பணம் வரும், மாற்று விகிதம் உங்கள் கனடா வங்கியுடையதாக இருக்கும், பெரும்பாலும் அதுதான் லாபம். 500 பெசோ தாளைச் சந்தையில் நீட்டினால் சில்லறை இருக்காது. 20, 50 தாள்களைச் சேர்த்து வையுங்கள். டிப்ஸ் விஷயத்தில், சாப்பாட்டுக் கடையில் 10 முதல் 15 சதவீதம், சூப்பர் மார்க்கெட்டில் பை போட்டுக் கொடுக்கும் பெரியவருக்குச் சில நாணயங்கள். பலருக்கு அந்த நாணயம்தான் வருமானம்.

படி 6: சந்தையும் பேச்சும்

புதன்கிழமை அஹிஹீக்கில் தியாங்கிஸ், அதாவது தெருச்சந்தை. நம் ஊர் வாரச்சந்தையேதான். கொத்தமல்லி, பச்சை மிளகாய்க்கு செர்ரானோ, புளி தமரிந்தோ என்ற பெயரில், புளிச்சக்கீரைக்குச் சொந்தமான சிவப்புப் பூ ஹமைக்கா என்ற பெயரில். முள் சீவிய சப்பாத்திக்கள்ளியை நோப்பால் என்று நறுக்கி விற்பார்கள், வெங்காயத்தோடு வதக்கினால் வெண்டைக்காய் மாதிரி வழவழப்பும் லேசான புளிப்பும். கறிவேப்பிலையை மட்டும் தேடாதீர்கள்.

ஸ்பானிஷ் தெரியாமல் இந்த ஊரில் பத்து வருடம் வாழலாம், வாழ்கிறார்கள். எனக்கு அது வருத்தம். வீட்டு வாடகையை டாலர்தான் ஏற்றியது, அந்த வாடகை கொடுக்க முடியாமல் இங்கேயே பிறந்தவர்களின் பிள்ளைகள் தள்ளித் தள்ளிப் போய்க் குடியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் அவர்கள் மொழியில் வணக்கம்கூடச் சொல்லாமல் இருப்பது சரியில்லை. தமிழ் பேசுபவருக்கு ஒரு வசதி உண்டு. ஸ்பானிஷின் த-வும் நம் த-வும் ஒன்று, அழுத்தமான ர-வும் நாக்குக்குப் புதிதில்லை. என் கனடா நண்பர்கள் மாதக்கணக்கில் முயன்ற ஒலிகள் என் மனைவிக்கு முதல் நாளே வந்துவிட்டன.

கடைக்குள் நுழைந்ததும் விலையைக் கேட்காதீர்கள். முதலில் வணக்கம்: காலையில் புவெனோஸ் தியாஸ், மதியத்துக்குப் பிறகு புவெனாஸ் தார்தெஸ், அப்புறம்தான் விஷயம். சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைக் கடந்து போனால் ப்ரொவேச்சோ, அதாவது 'நன்றாகச் சாப்பிடுங்கள்'. பெரியவர்களை, ஆணுக்கு தோன், பெண்ணுக்கு தோஞா என்று மரியாதை சேர்த்துப் பெயர் சொல்லுங்கள். அவோரீதா என்றால் அகராதியில் 'இப்போதே', தெருவில் பத்து நிமிடமாகவும் இருக்கலாம், நாளையாகவும் இருக்கலாம். பிளம்பர் அப்படிச் சொன்னால் அன்றைய மற்ற வேலையைப் பாருங்கள்.

1955-ல் தொடங்கிய லேக் சபாலா சொசைட்டி ஊர் நடுவில் இருக்கிறது. நீல் ஜேம்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் கொடுத்த வீடும் தோட்டமும்தான் அதன் இடம். ஸ்பானிஷ் வகுப்பு, நூலகம், புதிதாக வருபவர்களுக்கு வழிகாட்டல் எல்லாம் உண்டு. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பும் நடக்கிறது, அதற்கு உதவியாளராகப் போனால் வகுப்பறையில் படிப்பதைவிட வேகமாக மொழி வரும்.

படி 7: வீட்டில் வேலை செய்பவர்கள்

வீட்டு வேலைக்கோ தோட்டத்துக்கோ ஆள் வைத்தால் நீங்கள் சட்டப்படி முதலாளி. டிசம்பர் 20-க்குள் குறைந்தது 15 நாள் சம்பளத்தை அகினால்தோ என்ற பெயரில் கொடுக்க வேண்டும். அது அன்பளிப்பு இல்லை, அவர்கள் உரிமை. வாரம் ஒரு நாள் வருபவருக்கும் விகிதப்படி உண்டு. நேரடியாகக் கேட்கக் கூச்சப்பட்டு மௌனமாக இருப்பார்கள், நாம்தான் நினைவு வைத்துக் கொடுக்க வேண்டும். வாங்கியதற்குக் கையெழுத்து வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

படி 8: மாதங்களைத் தெரிந்துகொள்ளுதல்

ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம், ஆகவே பனியும் இல்லை, புழுக்கமும் இல்லை. ஆனால் வீடுகளில் ஹீட்டர் கிடையாது, ஜனவரி ராத்திரியில் கம்பளி வேண்டும். மே மாதம்தான் சூடு அதிகம். சில்வண்டுகள் காது அடைக்கக் கத்த ஆரம்பித்தால் மழை வருகிறது என்பார்கள். ஜூனில் தொடங்கும் மழை பெரும்பாலும் ராத்திரியில் இடியோடு பெய்யும், கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூங்குங்கள். காலணியை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் உண்டு.

நவம்பர் கடைசியில் ஊர்க் காவல் புனிதர் சான் அந்த்ரேஸ் திருவிழா. ஒன்பது நாள், விடியுமுன்னே வாணவெடி. நாய் வைத்திருப்பவர்கள் அதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள். புகார் கொடுக்க மட்டும் போகாதீர்கள், அந்த வெடிக்குத் தெருத்தெருவாகக் காசு சேர்த்தவர்கள் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். பதிலாக ஒரு மாலை சதுக்கத்துக்குப் போய் நில்லுங்கள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைப்பார்கள்.

குளிர்காலத்தில் ஒரு நாளாவது ஏரியின் தென்கிழக்கே மிச்சோவகான் மாநிலத்துப் பக்கம் இருக்கும் பெத்தாத்தான் கிராமத்துக்குப் போய்வர வேண்டும். வட அமெரிக்காவின் வெள்ளைக் கூழைக்கடாக்கள், கனடாப் புல்வெளி ஏரிகளிலும் குஞ்சு பொரிக்கும் பறவைகள், ஆயிரக்கணக்கில் அங்கே வந்து தங்கும். மீனவர்கள் மீனைச் சுத்தம் செய்துவிட்டுக் கழிவைப் பிற்பகலில் அவற்றுக்கு வீசுவார்கள், அந்த நேரத்துக்குப் போய்ச் சேருமாறு காலையிலேயே கிளம்புங்கள். அங்கேயே பொரித்த மீன் கிடைக்கும். சராலேஸ் என்று நெத்திலி போல ஒரு சின்ன மீன் இருக்கிறது, எலுமிச்சை பிழிந்து சாப்பிட வேண்டும். எங்களை முதல் தடவை அங்கே கூட்டிப் போனது, வால்வைத் தட்டக் கற்றுக்கொடுத்த அதே எதிர்வீட்டு அம்மாள்தான்.